கடல்பாசி எரிபொருள்: கணக்கு எங்கே உதைக்கிறது?

கடல்பாசியைப் பற்றி வரும் செய்திகளில் ஒரு வாக்குறுதி தவறாமல் இருக்கும். வளர்க்க வயல் வேண்டாம், நல்ல தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், ஒன்றரை மாதத்தில் அறுவடை. புளிக்கவைத்தால் எத்தனால், கலனில் அடைத்துவைத்தால் எரிவாயு. இதில் அப்பட்டமான பொய் கிடையாது. இரண்டையும் ஆய்வகங்களில் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் அரை நூற்றாண்டாக முயன்றும் கடல்பாசி எரிபொருள் வணிக அளவில் சந்தைக்கு வந்து சேரவில்லை. அதற்காக அந்த ஆராய்ச்சியெல்லாம் வீண் என்று சொல்லிவிட முடியாது. எரிபொருளைத் தேடிப் போனவர்கள் வழியில் கண்டெடுத்தவைதான் இன்று பணமாகின்றன. எரிபொருளுக்கும் ஓர் இடம் உண்டு, அது வரிசையில் கடைசி இடம். இதைப் புரிந்துகொள்ளாமல் திட்டம் போட்டால் கையைச் சுட்டுக்கொள்ளப்போவது ராமநாதபுரம் கரையில் பாசி வளர்க்கும் குடும்பங்கள்தான்.

இதை இப்போது பேசக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் பல்நோக்குக் கடல்பாசிப் பூங்கா அமைக்கப்படும் என்று 2021 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். ராமநாதபுரம் மாவட்டம் அதற்குத் தேர்வானது. உயிரித் தொழில்நுட்ப உற்பத்தியை ஊக்குவிக்கும் பயோ-ஈ3 கொள்கைக்கு 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2030-க்குள் நாட்டின் உயிரிப் பொருளாதாரத்தை 300 பில்லியன் டாலருக்குக் கொண்டுபோவது அரசின் இலக்கு. கடல்சார் ஆராய்ச்சியும் அந்தக் கொள்கையில் ஒரு பிரிவு. பணம் வரத் தொடங்கிவிட்டது. கணக்குப் பார்க்க வேண்டிய நேரம் இதுதான்.

தண்ணீரும் சர்க்கரையும்

கரைக்கு வந்த பச்சைப் பாசியில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு தண்ணீர். ஒரு கிலோ எடுத்துக்கொள்வோம்: 900 கிராம் தண்ணீர், 100 கிராம் உலர்பொருள். அந்த உலர்பொருளிலும் கால் பங்குக்குக் குறையாமல் உப்பும் சாம்பலும் இருப்பது சகஜம். அதை எரித்தால் 1 முதல் 1.4 மெகாஜூல் வெப்பம் கிடைக்கலாம். ஆனால் அந்த 900 கிராம் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்க மட்டும் 2 மெகாஜூலுக்கு மேல் வேண்டும். அடுப்பு மூட்டி உலர்த்தினால் வரவைவிடச் செலவு அதிகம். வெயிலில் காயவைக்கலாம், ராமநாதபுரம் கரையில் மண்டபத்திலும் பாம்பனிலும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் எரிபொருள் ஆலைக்கு வேண்டிய அளவுக்குக் காயவைக்கக் களம் எங்கே? வடகிழக்குப் பருவமழையில் என்ன செய்வது?

அதனால்தான் ஆய்வாளர்கள் பாசியை ஈரத்தோடு பயன்படுத்தும் வழிகளைத் தேடினார்கள். முதல் வழி, புளிக்கவைத்து எத்தனால் எடுப்பது. மரம், வைக்கோல் போன்றவற்றில் இருக்கும் லிக்னின் என்ற கெட்டிப் பொருள் பாசியில் இல்லாததால், இது சுலபமாக முடியும் என்று எதிர்பார்த்தார்கள். சிக்கல் வேறு பக்கம் இருந்தது. பழுப்புப் பாசிகளில் இருக்கும் சர்க்கரைகளே வேறு வகை. ஆல்ஜினேட், மானிட்டால், லாமினாரின் என்று அவை போகும். சாராய ஆலைகளில் பழகிய ஈஸ்ட் ஆல்ஜினேட்டைத் தொடாது. பாசியின் உலர் எடையில் கணிசமான பங்கு அதுதான் என்னும்போது, அதை விட்டுவிட்டால் மிஞ்சுவது சொற்பம்.

இதற்கு விடை 2012-ல் வந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இயங்கிய பயோ ஆர்க்கிடெக்சர் லேப் என்ற நிறுவனத்தில், யசுவோ யோஷிகுனியும் மற்றவர்களும் ஒரு கடல் பாக்டீரியாவின் மரபணுக்களை எடுத்து ஈ.கோலை நுண்ணுயிரில் சேர்த்தார்கள். ஆல்ஜினேட்டை உடைத்து உள்ளே இழுத்துச் செரிக்கும் வேலையை அந்த மரபணுக்கள் செய்தன. ஒரு டன் உலர்பாசிக்கு 281 கிலோ எத்தனால் என்ற விகிதம் கிடைத்தது. கோட்பாட்டளவில் எடுக்க முடிந்த உச்சத்தில் அது 80 சதவீதம். சயின்ஸ் இதழின் அட்டைக்கே போகும் அளவுக்குப் பேசப்பட்ட வேலை அது. இரண்டு ஆண்டு கழித்து ஈஸ்டையும் அப்படி மாற்றிக் காட்டினார்கள். அறிவியலைப் பொறுத்தவரை இது முழு வெற்றி. ஆனாலும் அந்த நிறுவனம் நிலைக்கவில்லை.

ஏன் என்பதை நம் ஊர்க் கணக்கிலேயே பார்த்துவிடலாம். 281 கிலோ எத்தனால் என்றால் சுமார் 356 லிட்டர். கரும்புச் சாற்று எத்தனாலுக்கு நம் எண்ணெய் நிறுவனங்கள் 2022-23-ல் கொடுத்த விலை லிட்டருக்கு 65 ரூபாய் 61 காசு. அப்படியானால் ஒரு டன் உலர்பாசியின் எத்தனால் மதிப்பு ஏறக்குறைய 23,350 ரூபாய், ஒரு கிலோவுக்கு 23 ரூபாய் சொச்சம். பாக் நீரிணையில் மூங்கில் மிதவை ஒன்றில் 20 கயிறு, கயிற்றுக்கு 20 நாற்று, நாற்று ஒன்று 150 கிராம் என்று 60 கிலோ கட்டுவார்கள். நல்லபடியாக வளர்ந்தால் 45 நாளில் 260 கிலோ வரை வரும். அடுத்த சுற்றுக்கு விதையாக 60 கிலோவை எடுத்துவைத்தால் மிச்சம் 200 கிலோ. காய்ந்தால் 20 கிலோ. எத்தனாலாக அதன் மொத்த மதிப்பு 470 ரூபாய்கூட இல்லை.

இது ஆலைக்குக் கிடைக்கும் விற்பனை வரவு. இதிலிருந்துதான் ஆலைக்கூலி, நொதிகள், நீராவி, லாரி வாடகை எல்லாம் போக வேண்டும். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கயிறு கட்டியவருக்கு மிஞ்சுவது என்ன? மண்டபத்தில் வளர்வது சிவப்புப் பாசி. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று பழுப்புப் பாசியில் கிடைத்த உச்ச விகிதத்தை அதற்கும் போட்டிருக்கிறேன். ஆய்வகத்துக்கு வெளியே எந்தப் பாசியிலும் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது.

அளவும் ஒரு பிரச்சினை. 2022-ல் உலகம் முழுவதும் வளர்த்தெடுத்த பாசி, பச்சை எடையில் சுமார் 3.65 கோடி டன். பெரும்பகுதி சீனாவிலும் இந்தோனேசியாவிலும் விளைந்தது. அத்தனையையும், சாப்பாட்டுக்குக்கூட மிச்சம் வைக்காமல், இதே விகிதத்தில் எத்தனாலாக்கினால் சுமார் 130 கோடி லிட்டர் வரும். இந்தியா மட்டும் 2023-24-ல் பெட்ரோலில் கலந்த எத்தனால் 700 கோடி லிட்டர்.

‘உரம் வேண்டாம்’ என்பது பாதி உண்மை

1973 எண்ணெய் நெருக்கடி காலத்தில் அமெரிக்கக் கடற்படை விஞ்ஞானி ஹோவர்ட் வில்காக்ஸ் ஒரு பெரிய கனவை முன்வைத்தார். கலிஃபோர்னியாவுக்கு அப்பால் ஆழ்கடலில் ராட்சதக் கெல்ப் பாசிப் பண்ணைகள் போட்டு மீத்தேன் எடுக்கலாம் என்றார். ஆழ்கடலின் மேற்பரப்புத் தண்ணீரில் வெயில் உண்டு, சத்து இல்லை. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கீழே குளிர்ந்த தண்ணீரில் கிடக்கின்றன. ஆகவே கீழ்த் தண்ணீரை மேலே இறைக்க வேண்டும். சோதனைப் பண்ணைகளை அலையும் நீரோட்டமும் சிதைத்தன. 1980-களில் எண்ணெய் விலை இறங்கியதும் பணமும் நின்றது.

அந்தக் கேள்வியைத் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரிக்லி நிறுவனம் வேறு மாதிரி அணுகியது. தண்ணீரை மேலே ஏற்றுவதற்குப் பதில் பாசியைக் கீழே இறக்கினால் என்ன? கேட்டலினா தீவருகே கெல்ப்பைக் கட்டிய சட்டத்தைப் பகலில் வெளிச்சத்துக்கு ஏற்றி, இரவில் சுமார் 80 மீட்டர் ஆழத்துக்கு இறக்கினார்கள். பகலில் ஒளிச்சேர்க்கை, இரவில் சத்து. 2021-ல் வெளியான முடிவின்படி, ஓரிடத்திலேயே வைத்த கெல்ப்பைவிட இதில் நான்கு மடங்கு பாசி விளைந்தது. இதுபோன்ற வேலைகளுக்காக அமெரிக்க எரிசக்தித் துறை 2017-ல் மரைனர் என்ற திட்டத்தையே தொடங்கியிருந்தது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வுகளில் ஒன்று இது. ஆனால் இரவும் பகலும் சட்டத்தை ஏற்றி இறக்கும் இயந்திரத்தின் விலையை எத்தனாலின் விலை தாங்குமா என்று கேட்டால், இன்றைய நிலவரத்தில் தாங்காது.

சரி, எரிபொருள் கணக்கு எங்கேயுமே கட்டாதா? கட்டும். பாசி தானாக வந்து குவிந்து, அதை அள்ளிப்போடவே காசு செலவாகும் இடத்தில் கட்டும்.

2011 முதல் கரீபியத் தீவுகளின் கரைகளில் சர்காசம் பாசி மலைபோல ஒதுங்குகிறது. 2018 ஜூனில் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை 8,850 கிலோமீட்டருக்கு அந்தப் பட்டை நீண்டு கிடந்ததைச் செயற்கைக்கோள் படங்களில் அளந்தார்கள். 2 கோடி டன்னுக்கு மேல் இருந்தது. கரையில் அழுகினால் அழுகிய முட்டை நாற்றம், மூச்சுத் திணறல். சுற்றுலாவும் மீன்பிடியும் படுத்துவிடும். பார்படோசில் மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் கேவ் ஹில் வளாகத்தில் லெஜீனா ஹென்றி என்ற விரிவுரையாளர் வாகனங்களுக்கு உயிரி எரிவாயு எடுக்கும் ஆராய்ச்சியில் இருந்தார். ரம் ஆலைக் கழிவுநீரோடு கரும்பைச் சேர்ப்பதாக முதலில் யோசனை. தீவில் கரும்பு போதாது என்றானதும், கரையில் கிடக்கும் பாசியைப் போடலாமே என்று சொன்னது ஒரு மாணவி. சர்காசம், ரம் ஆலைக் கழிவுநீர், ஊர்ச் செம்மறியான பிளாக்பெல்லி ஆட்டின் சாணம் மூன்றையும் காற்றுப் புகாத கலனில் சேர்த்தார்கள். மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் சாணத்திலிருந்து வந்தன.

இங்கே மூலப்பொருளுக்கு விலை இல்லை. ஆலைக் கழிவும் ஒரு தலைவலிதான், அதுவும் தீர்கிறது. பெட்ரோலை முழுக்க இறக்குமதி செய்யும் ஒரு சின்னத் தீவுக்கு இது அர்த்தமுள்ள வேலை. ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். சர்காசத்தில் கந்தகமும் ஆர்செனிக்கும் உண்டு. வாயுவைச் சுத்தம் செய்யாவிட்டால் எஞ்சின் அரிக்கும். கலனில் மிஞ்சும் கசடைச் சோதிக்காமல் வயலில் கொட்டவும் கூடாது.

மண்டபத்தில் திரும்பிய வழி

நம் கரைக்கு வருவோம். குஜராத்தின் பாவ்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மண்டபத்தில் ஒரு பாசி ஆராய்ச்சி நிலையம் உண்டு. கப்பாபைகஸ் என்ற சிவப்புப் பாசியை 1980-களில் ஜப்பானிலிருந்து கொண்டுவந்து, முதலில் குஜராத்திலும் அப்புறம் மண்டபத்திலும் பழக்கியவர்கள் இவர்கள்தான். 2000-களின் தொடக்கத்தில் பெப்சி நிறுவனம் மகளிர் குழுக்களோடு சேர்ந்து இதை வளர்க்கத் தொடங்கியதால், கரையில் அதற்குப் பெப்சிப் பாசி என்றே பெயர் நின்றுவிட்டது. ஐஸ்கிரீம், பற்பசை போன்றவற்றைக் கெட்டியாக வைத்திருக்கும் கேராஜினன் இதிலிருந்துதான் கிடைக்கிறது.

கேராஜினனுக்காகப் பாசியைக் காயவைப்பார்கள். அதில் இருந்த சாறெல்லாம் ஆவியாகிப் போகும். இந்த நிறுவனத்தின் விஞ்ஞானிகள் அந்த இடத்தில் ஒரு மாற்றம் செய்தார்கள். பாசியைப் பச்சையாகவே அரைத்துப் பிழிந்து சாற்றைத் தனியாகவும் சக்கையைத் தனியாகவும் எடுத்தார்கள். சாற்றில் பொட்டாசியமும் பயிர் வளர்ச்சியைத் தூண்டும் ஹார்மோன்களும் இருக்கின்றன. இலைவழித் தெளிப்பாக அதைப் பயன்படுத்தலாம். சக்கையிலிருந்து கேராஜினன் எடுக்கலாம். 2005-ல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

என் பார்வையில் இந்தத் துறையின் திருப்புமுனை இதுதான். எரிபொருள் ஆய்வாளர்களை ஐம்பது வருடம் படுத்தியெடுத்த அதே தண்ணீர் இங்கே விற்பனைப் பொருளாகிவிட்டது. உலர்த்தும் செலவும் குறைந்தது, ஏற்றிச் செல்லும் எடையும் குறைந்தது. மானாமதுரையில் அக்வாக்ரி நிறுவனம் இந்த வழியில் வளர்ந்தது. பின்னர் இஃப்கோ அதில் பங்கு வாங்கியது. உரக்கடையில் சாகரிகா என்ற பெயரில் கிடைக்கும் திரவம் அந்த வழியில் வந்தது. அது யூரியாவுக்கும் டி.ஏ.பி.க்கும் மாற்று ஆகாது. அவற்றோடு சேர்த்துத் தெளிக்கும் ஊக்கி.

சென்னை ஐ.ஐ.டி.யிலிருந்து 2010-ல் கிளம்பிய சீ6 எனர்ஜி நிறுவனமும் இதே பாதையில்தான் வந்து சேர்ந்தது. பாசியிலிருந்து எரிபொருள் என்பதுதான் அந்த மாணவர்களின் தொடக்கக் குறிக்கோள். பெயரிலேயே எனர்ஜி இருக்கிறது. கடலில் ஒரே ஓட்டத்தில் அறுவடையும் மறுநடவும் செய்யும் இயந்திரத்தை உருவாக்கி, இந்தோனேசியாவின் லம்போக் கரையில் பெரிய பண்ணை போட்டிருக்கிறார்கள். ஆனால் அவர்களைத் தாங்கிப்பிடித்திருப்பது பயிர் ஊக்கி விற்பனை.

எரிசக்தி ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. கப்பாபைகஸ் சக்கையிலிருந்து எத்தனால் எடுக்கும் முறையை மண்டப நிலையத்தின் தாய் நிறுவனமே 2012-ல் வெளியிட்டது. சாறு போய், கேராஜினன் போய், இனி விற்க ஒன்றுமில்லை என்ற நிலையில் மிஞ்சும் சக்கைக்கு எரிவாயுக் கலன் பொருத்தமான இடம். கரும்பாலை சர்க்கரையை விற்றுவிட்டுச் சக்கையை எரித்துத் தன் கொதிகலனை ஓட்டுகிறதே, அதே முறை. இன்னொரு பக்கம், எரிவாயுவை எடுப்பதற்குப் பதில் தடுக்கும் பாசியும் உண்டு. ஆஸ்பராகோப்சிஸ் என்ற சிவப்புப் பாசியைத் தீவனத்தில் சிறிதளவு கலந்தால் மாடு வெளியிடும் மீத்தேன் 80 சதவீதத்துக்கு மேல்கூடக் குறையும் என்று கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம் 2021-ல் காட்டியது. அதில் இருக்கும் புரோமோஃபார்ம் என்ற பொருள்தான் அந்த வேலையைச் செய்கிறது. நெடுநாள் கொடுத்தால் மாட்டுக்கும் பாலுக்கும் என்ன ஆகும் என்பதைச் சரிபார்த்த பிறகுதான் அது பண்ணைக்கு வர வேண்டும்.

2001-ல் 21 டன்னாக இருந்த நம் கப்பாபைகஸ் விளைச்சல் 2012-13-ல் உலர் எடையில் ஏறத்தாழ 1,500 டன்னைத் தொட்டது. அடுத்த ஆண்டே சரிந்தது. கடல் சூடேறி, பாசி வெளுத்து நைந்து கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. வெளியிலிருந்து வந்த ஒரு சிறு கொத்தை ஒடித்து ஒடித்தே இத்தனை பண்ணைகளும் உருவாகியிருந்தன. எல்லாம் ஒரே மரபு என்றால் நோயும் எல்லாவற்றுக்கும் ஒன்றாகத்தான் வரும். திசு வளர்ப்பு நாற்று, வெப்பம் தாங்கும் வகை, பருவமழை மாதங்களில் விதையைக் காப்பாற்றும் ஏற்பாடு இவையெல்லாம் எத்தனால் அளவுக்குத் தலைப்புச் செய்தி ஆகாத ஆய்வுகள். மிதவை கட்டும் குடும்பத்துக்கு உடனடியாக வேண்டியவை இவைதான். 2024-ல் உயிருள்ள பாசி விதையை இறக்குமதி செய்ய மத்திய அரசு வழிமுறைகளை வெளியிட்டது. அதைத் தனிமைப்படுத்திச் சோதிக்காமல் கடலில் விடக் கூடாது என்பதற்கு மன்னார் வளைகுடாவிலேயே சாட்சி இருக்கிறது. குருசடைத் தீவின் பவளங்கள்மேல் கப்பாபைகஸ் படர்ந்து மூடியதை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ல் பதிவு செய்தார்கள். ஒடிந்த துண்டு ஒன்று போதும், அது தானாகப் பற்றி வளரும்.

இதையெல்லாம் பேசும்போது ஒரு கூட்டத்தை மறந்துவிடுகிறோம். கப்பாபைகஸ் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே, மன்னார் வளைகுடாவில் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் கட்டக்கோரையும் எடுத்துவரும் பெண்கள். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, காலில் அலுமினியத் தட்டைக் கட்டிக்கொண்டு பாறைகளுக்கிடையே முங்கி எடுப்பார்கள். நோன்புக் கஞ்சியோடு நாம் சாப்பிடும் ‘கடல்பாசி’ இனிப்புக்கு வேண்டிய அகார் என்ற கூழ்ப்பொருளைத் தயாரிக்கும் மதுரைப் பக்கத்து ஆலைகள் இவர்களை நம்பித்தான் வளர்ந்தன. பாசி மறுபடி தழைக்க வேண்டும் என்று, மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது என இவர்களாகவே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். எந்தப் பருவத்தில் எந்தப் பாறையில் எது தழைக்கும் என்பது இவர்களுக்குத் தெரியும். தொண்டியில் வளாகம் வைத்திருக்கும் அழகப்பா பல்கலைக்கழகம், பரங்கிப்பேட்டையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் போன்றவை இவர்களை மாதிரி சேகரிக்க உதவுபவர்களாக மட்டும் பார்க்காமல், ஆய்வில் பங்காளிகளாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

காசு விஷயத்திலும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. காய்ந்த பாசியை மூட்டையாகக் கட்டி எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம். அதனால் விலையை வாங்குபவர் வைக்கிறார். சாற்றை அப்படி எடுக்க முடியாது. பாசி பச்சையாக இருக்கும்போதே பிழிய வேண்டும், கரையேறியதும் கெடத் தொடங்கும். ஆகவே பிழியும் இயந்திரம் கரையில்தான் இருந்தாக வேண்டும். அது யாருடையது என்பதுதான் கேள்வி. மகளிர் குழுக்களுக்கு மிதவைக்கு மானியம் கொடுப்பதோடு அரசு நின்றுவிடுகிறது. மண்டபத்திலும் பாம்பனிலும் தொண்டியிலும் குழுக்களின் பெயரில் பிழியும் நிலையம் ஒன்றொன்று, அதையொட்டி ஒரு விதைக் கிடங்கு என்று முதலில் போடட்டும். பூங்காவின் ஒப்பந்தங்களில் பச்சைப் பாசிக்குக் கிலோ விலையோடு, விற்கும் சாற்றில் பங்கு என்ற ஒரு வரியும் சேரட்டும். எரிவாயுக் கலனை அப்புறம் கட்டலாம். அதற்குப் போட அதற்குள் சக்கை சேர்ந்திருக்கும், அந்த வாயுவில் பிழியும் இயந்திரத்தையே ஓட்டிக்கொள்ளலாம்.